சுடுகல்

எங்கள் மடத்து வளாகத்துக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. காலங்காலமாக வரும் வழக்கம். அதை ஏற்படுத்திய புண்ணியவான் ஒரு நாளும் பாத்திரம் துலக்கியிருக்க மாட்டார்.

அடுக்களைக்குப் பின்னால் கருங்கல் பாவிய வெட்டவெளி. சித்திரை வெயில். அங்கே நின்றுதான் பேச்சியம்மாள் அன்னதான அண்டாக்களைத் துலக்குவாள். உள்ளங்கால் கொப்பளித்துப்போய், மடத்துக் காரியங்களைப் பார்த்துவந்த சீடர் திருவம்பலத்திடம் போனாள்.

"அய்யா, துலக்குத நேரம் மட்டும் செருப்புப் போட்டுக்கிடுதேன்."

"உன் கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுதும்மா. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?"

நேற்றும் இதையேதான் சொன்னார், இதே இளிப்போடு. பேச்சியம்மாள் கையிலிருந்த கரண்டியை அவர் காலடியில் விட்டெறிந்தாள்.

"என்னத்தய்யா புரிஞ்சுது உமக்கு? வேகுதது என் காலு!"

திருவம்பலம் முகம் சிவக்கக் குருவிடம் ஓடினார். குரு அவரைவிட வயதில் இளையவர். கோபத்தில் மூத்தவர்.

"அன்பாத்தான் பேசினேன் சாமி. கரண்டிய வீசுதா. இன்னைக்கே அவள நிறுத்திரணும்."

"அவ என்ன கேட்டா?"

"செருப்புப் போட்டுக்கிட உத்தரவு."

"நீர் என்ன குடுத்தீர்?"

"அவ கஷ்டம் எனக்குப் புரியுதுன்னு சொன்னேன்..."

"குடுத்தது என்னன்னு கேட்டேன் ஓய்!"



குரு விறுவிறுவென்று வெளிவாசலுக்குப் போனார். அங்கே கிடந்த பேச்சியம்மாளின் ரப்பர் செருப்பைத் தன் கையாலேயே எடுத்தார். மடமே வாயைப் பிளந்து பார்த்தது. மறு கையால் திருவம்பலத்தைப் பிடித்து, தரதரவென்று பின்பக்கம் இழுத்துப் போனார்.

வேலை போய்விட்டது என்று எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் முன்னால் செருப்பை வைத்தார்.

"போட்டுக்கோம்மா. போய் நிழல்ல உக்காரு. மிச்சத்த இவரு துலக்குவாரு."

உச்சி வெயில். திருவம்பலம் ஒரு காலைத் தூக்கினார். அதைக் கீழே வைத்து மறுகாலைத் தூக்கினார். குருவும் பக்கத்திலேயே வெறுங்காலோடு நின்றார். அசையவில்லை.

"கால் வேகுது சாமி! பொறுக்க முடியல. எனக்கும் ஒரு சோடி செருப்பு..."

குரு தேங்காய் நாரை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"உம்ம கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது ஓய்."