பக்கத்தில் யார்?

“அந்தப் பழைய சுவிட்சுகளும் புதுசா வந்த பொண்ணும் ஒண்ணுதான்யா. ரெண்டுமே வாயைத் திறக்காது.”

மில் கேன்டீனில் மேனேஜர் ஜெயசீலன் சொன்னது, தூணுக்கு அந்தப் பக்கம் வடை தின்றுகொண்டிருந்த பூவிழியின் காதில் விழுந்தது. அந்தப் பொண்ணு அவள்தான்.

மதியம் அவளைக் கூப்பிட்டார். “கம்ப்யூட்டர்களை இணைக்கிற இந்த சுவிட்சுப் பெட்டிகள்ல எது எதோட சேர்ந்திருக்குன்னே யாருக்கும் தெரியல. சாயங்காலத்துக்குள்ள படம் போட்டுக் கொடு. ஏணி ஏறக் கூடாது, வயரைத் தொடக் கூடாது. படம் வரலேன்னா எல்லாம் பழைய இரும்பு லாரியில ஏறிடும். உனக்கும் இங்க வேலை இல்ல.”

“சரிங்க சார்.”

தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள்கூடப் பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள் என்பது பூவிழிக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினாள். அது முதல் சுவிட்சிடம், “உன் பக்கத்தில் யார்?” என்று கேட்டது. அது காட்டிய சுவிட்சிடம் போய் மறுபடியும் அதையே கேட்டது. கிழட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. ஒவ்வொரு இணைப்புக்கும் எப்போதோ யாரோ வைத்த பெயரையும் ஒப்பித்தன.

லாரி வந்தபோது படம் மேனேஜர் மேஜைமேல் இருந்தது. சுற்றிலும் ஆபீஸே நின்றது. “லாரி வந்தாச்சு, ரொம்பப் பழசையாவது ஏத்திடலாம்” என்றார் ஜெயசீலன்.

பூவிழி படத்தில் ஒரு பெட்டியைத் தொட்டுக் காட்டினாள். “ரொம்பப் பழசு இதுதான் சார். முதல்ல இதை ஏத்திடலாமா?”

“தாராளமா. எங்க இருக்கு?”

“உங்க அலமாரிக்குப் பின்னாடி சார். இணைப்போட பேரு, ‘மேனேஜர் ஐயா கிரிக்கெட் டிவி’.”

“ஐயோ, அது வேண்டாம்மா! ஒருநாள்கூட நின்னதில்ல!”

“மத்ததும் அப்படித்தான் சார்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெயசீலனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய், லாரிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வெறும் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.