சிறகைக் கொடுத்து முடித்த பேரம்

பறவையும் மிருகமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பெரிய அலகுக்காரப் பறவையான இருவாச்சி தன் பொந்தை அடைப்பதில்லை. மலைக்காட்டு மரத்தின் உச்சியில் வாசல் ஆவென்று திறந்து கிடக்கும். பெண் இரைக்குப் போனால் ஆண் முட்டைக்குக் காவல். பெரிய காவல்தான். பக்கத்து மலையில் அத்தி பழுத்த வாசனை வந்தால் போதும், "இதோ வந்துட்டேன்" என்று கிளம்பிவிடும். அப்படிப் போன ஒரு நாளில்தான் உடும்பு ஏறி முட்டையைக் குடித்துவிட்டுப் போனது.

அடுத்த பருவத்தில் பெண் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஆணிடம் மண் கொண்டுவரச் சொன்னது. அதை எச்சத்தோடு குழைத்து உள்ளேயிருந்தே வாசலைப் பூசியது.

"என்ன புள்ள, உன்னையே உள்ள வச்சுப் பூசுறே?"

"குஞ்சு தேறுற வரைக்கும் வெளியே வரமாட்டேன். அலகு நுழையற சந்து மட்டும் விடுவேன். சோறு உன் பொறுப்பு."

"பாதி வாசல் விடு. காலையில ஒரு தடவை கொண்டு வர்றேன்."

"பாதி வாசல் உடும்புக்குப் போதும். பசிக்கிறப்பெல்லாம் வரணும்."

"நான் வராமப் போனா?"

"நானும் குஞ்சும் இதுக்குள்ளேயே காய்வோம்."

ஆணுக்குச் சுர்ரென்று ஏறியது. "பசி எடுத்தா நீயே இடிச்சுக்கிட்டு வருவே" என்று பறந்துபோய் அத்தி மரத்தில் உட்கார்ந்தது. பேரத்தில் பாதியில் எழுந்து நடந்தால் எதிராளி திரும்பக் கூப்பிட்டுப் படிவான் என்று நம்புகிற ரகம் அது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் திரும்பினால், மரத்தடியில் இறகுக் குவியல். பறக்கிற பெரிய இறகு அத்தனையும் கிடந்தது. பக்கத்தில் உடும்பு.

"பாவி, அவளையும் தின்னுட்டியா?"

"நானா? சுவரு கல்லு மாதிரி இருக்குது மாமா, என் நகம்தான் தேஞ்சுது. இதெல்லாம் உங்க வீட்டம்மாவே உருவிப் போட்டது."

மேலே சந்தில் அலகு நுனி தெரிந்தது. "கத்தாதே. இனி இடிச்சுக்கிட்டு வந்தாலும் என்னால பறக்க முடியாது. என் பக்கப் பேச்சு முடிஞ்சுது. நீ என்ன கொண்டு வந்தே?"

ஆண் ஒன்றும் கொண்டு வரவில்லை. அதுவரை எந்தப் பேரத்திலும் குனியாத தலை அப்போது குனிந்தது. "இரு, வர்றேன்."

"நில்லு. நீ வர்றது இருட்டுக்குள்ள எனக்கு எப்படித் தெரியும்? உடும்பும் இதே மரத்துலதான் ஏறுது."

"கூப்பிடுறேன்."

தொண்டை முட்ட அத்திப்பழம் அடைத்துக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது, கூப்பிட வாய் காலியில்லை. கீழேயிருந்து உடும்பு, "என்ன மாமா, சோறு தூக்குற ஆளாயிட்டீங்களா?" என்றது. பதிலுக்கு நாலு வார்த்தை கொடுக்க நாக்குத் துடித்தது. வாயைத் திறந்தால் பழம் கீழே போகும். அந்தக் கோபம் மொத்தத்தையும் சிறகில் இறக்கி ஓங்கி அடித்தது. காடு அதிர்ந்தது. சத்தம் கேட்டுச் சந்தில் அலகு நீண்டது. ஒவ்வொரு பழமாகத் தொண்டையிலிருந்து எடுத்து ஊட்டியது ஆண். குஞ்சு தேறி, பெண்ணுக்குப் புது இறகு முளைத்து, சுவர் உடைகிறவரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அன்று முதல்தான் இருவாச்சி பறந்தால் காடே நிமிர்ந்து பார்க்கும்படி சிறகு இரைகிறது. ஊரார் அதை இரைச்சல் என்பார்கள். பொந்துக்குள் இருப்பவளுக்கு அது கொடுத்த வாக்கு வருகிற சத்தம்.