பாலூட்டும் அறையில் தூங்கிய குழந்தை

பேருந்து நிலையத்துப் பாலூட்டும் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மதியம் முழுக்கத் தூங்குவார் டைம்கீப்பர் துரைக்கண்ணு. பூ விற்கும் பவளக்கொடி பசியில் வீறிடும் பிள்ளையோடு கதவைத் தட்டினால் உள்ளிருந்தே சீறுவார்: "ரிட்டயராக இன்னும் ஆறு மாசந்தான். என்னை எவன் கேப்பான்? போம்மா!"

ஒருநாள் பெரிய அதிகாரி திடீரென்று பார்வையிட வந்தார். கதவருகே நின்ற பவளக்கொடி உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க சார், உள்ளே குழந்தை தூங்குது."

அதிகாரி கதவில் காதை வைத்தார். குறட்டை இடியாய் இடித்தது.

"குழந்தை இப்படியா குறட்டை விடும்? எத்தனை மாசம்மா ஆகுது?"

"ரிட்டயராக இன்னும் ஆறு மாசம்னு அதுவே சொல்லுச்சு சார்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் தாழ்ப்பாள் திறந்தது. பெரிய குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வர, சின்னக் குழந்தை பால் குடிக்க உள்ளே போனது.