அண்டாவைக் கவிழ்த்தவள்

மகளிர் கல்லூரி விடுதி ஒன்றில் மாரித்தங்கம் என்று ஒருத்தி இருந்தாள். எம்.எஸ்ஸி. கணினி அறிவியல், கடைசி வருடம். பேச்சு குறைவு. லேப்டாப் படுத்துக்கொண்டாலும் சரி, இணையத்தில் ஒரு பாடம் அகப்படாவிட்டாலும் சரி, பிள்ளைகள் அவள் அறைக்குத்தான் போவார்கள். குரு என்றும் அக்கா என்றும் தனித்தனியாகக் கூப்பிடப் பொறுமையில்லாமல் 'குருக்கா' என்று ஆக்கிவிட்டார்கள்.

அவளுக்கு ஒரு சிஷ்யை உண்டு. இரண்டாம் ஆண்டு வேதியியல், பெயர் ஆவுடைச்செல்வி. யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளாகவே சேர்ந்துகொண்டாள்.

முதல் நாள் அவள் கேட்ட கேள்வி இது.

"அக்கா, என் லேப்டாப் பைக்குள்ள கெடக்கும்போதே சுடுது. ஏன்?"

"வேலை முடிஞ்சதும் அணைச்சியா?"

"மூடினேனே."

"மூடுதது வேற, அணைக்கது வேற."

அதற்கு மேல் குருக்கா விளக்கவில்லை. ஆவுடை அன்று சாயங்காலமே முதலாண்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, அந்த வாக்கியத்தைத் தன்னுடையது போலச் சொன்னாள். கையை வேறு ஆட்டி ஆட்டிச் சொன்னாள். குறைகுடம் கூத்தாடாமல் என்ன செய்யும்?

ஆவுடையின் வகுப்புக்கு இணையத்தில் ஒரு பொது ஃபோல்டர் இருந்தது. தொடங்கியவள் ஆவுடைதான். பெயர் 'அண்டா'. எல்லாரும் ஊற்றலாம், எல்லாரும் மொண்டுகொள்ளலாம், அதனால் அந்தப் பெயர். பழைய கேள்வித்தாள், நூலகத் தளங்களில் இறக்கிய புத்தகம், இலவச வகுப்புகளின் வீடியோ, ஆய்வக ரெக்கார்டு நோட்டுக்கு வேண்டிய படம் எல்லாம் அதில் கிடந்தன.

அதிகம் ஊற்றியவள் ஜெபக்கனி. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். இங்கிலீஷ் வகுப்புகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்பாள். பிறகு சாரத்தைத் தமிழில் தட்டி அண்டாவில் போடுவாள். வகுப்பில் பாதிப் பேர் தேறியது வாத்தியார்கள் புண்ணியத்தில் அல்ல, கனி புண்ணியத்தில். ஆனால் அண்டா என்றால் எல்லார் வாயிலும் வருகிற பெயர் ஆவுடை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

குருக்காவுக்கும் இணைப்பை அனுப்பியிருந்தாள். வேறு வகுப்பு என்பதால் 'பார்க்க மட்டும்' என்று அனுமதி வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எழுதுததும் அழிக்கதும் எங்க வகுப்புக்கு மட்டுந்தான்."

"பாக்கது போதும்" என்றாள் குருக்கா.

செமஸ்டர் தேர்வு நெருங்கியது. ஆவுடையின் லேப்டாப் சண்டி மாடு மாதிரி படுத்துவிட்டது. இடமில்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. குருக்காவிடம் போய்க் கேட்டிருக்கலாம். முதலாண்டுக்கே பாடம் எடுப்பவள் இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சம். தானே துப்புரவில் இறங்கினாள்.

சினிமாக்களில் கை வைக்க மனம் வரவில்லை. அண்டா பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. 'இதுதான் இணையத்துல இருக்கே, இங்க வேற எதுக்கு?' என்று நினைத்தாள். அழித்தாள். குருக்கா முன்பு சொல்லிக்கொடுத்தபடியே, அழித்தவை போய் விழுகிற குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். லேப்டாப் துள்ளி ஓடியது. சினிமா ஒன்று பார்த்துவிட்டுப் படுத்தாள்.

அவள் அழித்தது அண்டாவின் நகலை அல்ல. அவள் லேப்டாப்பில் இருந்ததும் இணையத்தில் இருந்ததும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இங்கே எடுத்தால் அங்கேயும் போகும்.

காலையில் தண்ணீர்க் குழாயடியில் ஒரே கூப்பாடு.

"ஏட்டி, அண்டாவக் காணோம்!"

"என் போன்லயும் இல்லட்டி. திங்கக்கெழம பரீட்சைய வச்சிக்கிட்டு என்னட்டி செய்ய?"

முந்தின நாள் கனி வகுப்புக் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். மங்கலாக எடுத்த ஒரு படத்தை அண்டாவிலிருந்து எப்படி அழிப்பது என்று. அது போதாதா? எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒரு படத்த அழிக்கப் போயி மொத்தத்தையும் தொடச்சி வச்சிட்டியே!"

"நான் அந்த ஒரு படத்தத்தான் அமுக்கினேன்."

"தெரியாதவளுக்கு எதுக்குட்டி அந்த வேல?"

கனி முதலில் இல்லை இல்லை என்றாள். பிறகு யோசித்தாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

"நாந்தான் போலட்டி. எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போல."

ஆவுடை வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தாள். நேற்றுத் தான் செய்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நுரையைத் துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள். கனி அழத் தொடங்கியபோது ஆவுடை தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராகக் குருக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, ஒருத்தி ஒரு பொது ஃபோல்டரத் தெரியாம அழிச்சிட்டா. திரும்ப எடுக்க முடியுமா?"

"யாரு ஆரம்பிச்சது?"

"நான்."

"அழிச்சது?"

"ஒருத்திக்கா."

"அந்த ஒருத்தியோட லேப்டாப் வேணுமே."

ஆவுடை தன் லேப்டாப்பை அவள் முன் வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. காது மடல் வரை சூடேறியது. குருக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"இங்க உள்ள தொட்டி காலி. இணையத்துல அதுக்குன்னு தனியா ஒரு தொட்டி உண்டு. அதத் தெற."

திறந்தாள். அண்டா அங்கே முழுசாகக் கிடந்தது.

"அப்பாடா! நீங்களே எடுத்துக் குடுத்திருங்கக்கா. என் பேர் எதுக்கு?"

"என்னால முடியாது. ஆரம்பிச்சவதான் எடுக்க முடியும். மத்தவ எவ்வளவு தெரிஞ்சவளா இருந்தாலும் முடியாது. அமுக்கு."

ஆவுடையின் விரல் நின்றது.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருமாக்கா?"

"எது? போனதா, வந்ததா?"

ஆவுடை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தது தானாத் தெரியும்" என்றாள் குருக்கா. "போனது, சொன்னாத்தான் தெரியும்."

ஆவுடை அமுக்கினாள். அண்டா திரும்ப வந்தது.

குழாயடியில் கூச்சல் போட்ட அதே வாய்கள் இப்போது அவளைக் கொண்டாடின. "ஆவுட இல்லன்னா நாம அம்புட்டுதான்" என்றார்கள். அவள் மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். "சரி விடுங்கட்டி" என்றுதான் வந்தது. அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் புகழ்ந்தார்கள். பொய் சொல்லவில்லையே என்று அவள் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மைதான். ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஒருத்தி யோசனை சொன்னாள். "இனிமே கனிக்கு எழுதுத அனுமதி வேண்டாம்ட்டி. பாக்க மட்டும்னு வச்சிரு."

"ஆமா, அதுதான் நல்லது" என்றாள் கனியே.

எல்லாரும் ஆவுடையைப் பார்த்தார்கள். அண்டா அவளுடையது, அனுமதியை மாற்ற அவளால்தான் முடியும். ஆவுடை போனை எடுத்தாள். ஜெபக்கனி என்ற பெயரைத் தேடினாள். 'பார்க்க மட்டும்' என்று மாற்றினாள்.

அன்று மத்தியானம் விடுதியில் முட்டை. முட்டை போடுகிற நாளில் அவரவர் தட்டை அவரவர் காவல் காப்பார்கள். கனி தன் முட்டையை எடுத்து ஆவுடையின் தட்டில் வைத்தாள்.

"வேண்டாம்ட்டி."

"தின்னு. நான் கெடுத்தத நீ சரி பண்ணிட்ட. இல்லன்னா எல்லார் சாபமும் என் தலையில."

வேண்டாம் என்று தள்ளினால் ஏன் என்று கேட்பாள். ஆவுடை தின்றாள். தண்ணீர் குடித்து இறக்கினாள். கனி பக்கத்தில் உட்கார்ந்து வெறும் சாம்பார் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள்.

முதல் பரீட்சை முடிந்தது. அடுத்தது கரிம வேதியியல், எல்லாரும் பயந்த தாள். அண்டாவில் புதிதாக ஒன்றும் விழவில்லை. பிள்ளைகள் கனியைத் தேடிப் போனார்கள்.

"ஏட்டி, கடைசி பாடத்துக்குத் தமிழ்ல எழுதலையா?"

"எனக்குப் பாக்க மட்டுந்தானட்டி" என்றாள் கனி. கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். "எழுதி வேற யார்கிட்டயாவது குடுக்கவும் பயமா இருக்கு. நான் தொட்டா வெளங்காது."

ஆவுடை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் அந்தப் பாடம் வராது.

அன்று சாயங்காலம் குருக்காவின் அறைக்குப் போனாள்.

"அக்கா, லேப்டாப் திரும்பவும் மந்தமா இருக்கு. என்னன்னு பாருங்க."

குருக்கா வாங்கிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள், காற்று வருகிற துளையில் காது வைத்தாள்.

"இதுல ஒண்ணுமில்ல."

"சுடுதேக்கா."

"இல்லையே. குளுந்துதான் இருக்கு."

ஆவுடை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த திட்டிருக்கலாம்லா? எனக்கு வெக்கமா இருக்குக்கா. அவ முட்டைய வாங்கித் தின்னேன். அவ பேரத் தேடி நானே மாத்தினேன். தூக்கம் வரல. ஆனா எல்லாரும் அந்தப் பேச்ச மூடிட்டாங்க. இப்பப் போயி சொன்னா என் மானம் போயிரும்."

"பேச்ச மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க."

குருக்கா லேப்டாப்பின் மூடியைச் சாத்தினாள். தான் முன்பு முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கையை ஆட்டிச் சொன்ன 'மூடுதது வேற' வாக்கியம் ஆவுடைக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கனியின் பெயரைத் தேடி, எழுதும் அனுமதியைத் திரும்பக் கொடுத்தாள்.

"குடுத்துட்டேன்க்கா. இனி அவ எழுதலாம். போதும்லா?"

குருக்கா பதில் சொல்வதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. கனி போனைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏட்டி ஆவுட, இங்கயா இருக்க? நீ எதையோ மாத்தி அமுக்கிட்ட. எனக்கு எழுதுத அனுமதி வந்திருக்கு. சீக்கிரம் எடுத்துரு."

"மாத்தி அமுக்கலட்டி. தெரிஞ்சுதான் குடுத்தேன். நீ எழுது."

"வேண்டாம்ட்டி. பரீட்சை நேரம், திரும்பவும் கவுத்திருவேன்."

"கவுக்க மாட்ட."

"போன தடவையும் அப்படித்தான நெனச்சேன்? அத்தன பேர் படிப்பையும் கெடுக்கப் பாத்தேனேன்னு எங்கம்மாகிட்ட போன்ல சொல்லி அழுதேன். எனக்கு இதெல்லாம் வராதுட்டி. எடுத்துரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆவுடை குருக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல்.

"அக்கா, நீங்க சொல்லுங்க இவகிட்ட. நீங்க சொன்னா நம்புவா. நடந்தது அத்தனையும் உங்களுக்குத் தெரியும்லா."

கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன நடந்தது?"

குருக்கா எழுந்தாள். தன் நாற்காலியைக் கனி உட்காருவதற்காக ஆவுடைக்கு எதிரே நகர்த்திப் போட்டாள்.

"எனக்குப் பாக்க மட்டுந்தான் அனுமதி" என்றாள்.