கறியிலிருந்து பிரித்த தீவனம்

பொங்கியண்ணனின் கறிக்கோழிப் பண்ணையைக் கூட்டிப் பெருக்கிவந்த பாவாத்தாளுக்கு, புருஷன் செத்தபின் மிஞ்சியவை ஒன்பது நாட்டுக்கோழிகள். குஞ்சிலிருந்தே பண்ணையில் சிந்திய தீவனத்தைப் பொறுக்கித்தான் அவை வளர்ந்தன. அதைச் சொல்லியே முதலாளி ஒருநாள் ஒன்பதையும் பிடித்துக் கூண்டில் அடைத்தார்.

“இந்தக் கறி பூராவும் என் தீவனம். அதைப் பிரிச்சுக் குடுத்துட்டுக் கோழியை ஓட்டிட்டுப் போ.”

அன்று முதலாளி வீட்டு விருந்துக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

“பிரிச்சுத் தர்றனுங்க. உங்க கோழி ஒண்ணு, என்ற கோழி ஒண்ணு வேணுங்க.”

பண்ணைக்கோழி ஒன்றைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, முதலாளியே கூண்டில் கைவிட்டு அவளுடைய ஒரு பெட்டையை இழுத்து எறிந்தார். பாவாத்தாள் அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு அறுத்தாள். இரண்டையும் தனித்தனிச் சட்டியில், ஒரே மசாலாவில் வேகவைத்து, எலும்பில்லாத துண்டுகளாகக் கொண்டுவந்தாள்.

“கண்ணை மூடிட்டு எது எதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்.”

முதலாளிக்குத் தன் நாக்கின்மேல் பெருமை அதிகம். “இது பஞ்சாட்டம் இருக்குது, பண்ணைக்கோழி. இது நாட்டுக்கோழி! நாரும் ருசியுமே சொல்லுதே!”

“ரெண்டும் தின்னது ஒரே தீவனமுங்க. ரெண்டுலயும் ஒண்ணா இருக்கறது உங்களுது. வேறயா இருக்குதுன்னு நீங்களே சொன்னது, அதோட ஆத்தா வழியா வந்தது. அது என்றதுங்க. பிரிச்சுக் குடுத்தாச்சு.”

இப்போது விருந்தாளிகள் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். கூண்டு திறந்தது.

“நாளைல இருந்து வேலைக்கு வந்துராத,” என்றார் அவர்.

எட்டுக் கோழிகளோடு அவள் வீடு சேர்ந்தாள். வாசலில் ஏழு குஞ்சுகள் கத்திக்கொண்டு ஓடிவந்து, ஒவ்வொரு கோழியின் காலடியாகப் போய்த் தாயைத் தேடின.