இரு என்ற சொல்

ஏழாவது மாடியில், காபி மெஷினுக்குப் பக்கத்து மேசை ஜமீலாவுடையது. யாராவது ஏதாவது கேட்டால் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். பிறகு ஜன்னலைப் பார்ப்பார். அதற்குள் கேட்டவருக்கே தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும். அதன் பிறகுதான் வாயைத் திறப்பார்.

அதனால் ஆபீஸில் அவருக்கு 'லோடிங் மேடம்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். ஒருநாள் யாரோ "சாப்டாச்சா மேடம்?" என்று கேட்டதற்கு, ஒரு விரலை நீட்டிக் காற்றில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நின்றார். அரை நிமிடம் கழித்து, "ஆச்சு" என்றார். அன்று முழுக்க அந்த மாடி சிரித்தது.

பதினைந்து வருடமாக அவர் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். ஒரு பெரிய மென்பொருளில் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவர் வேலை. "எங்க மாமியார் இன்னும் எங்கிட்ட வீட்டு பிளான் போட்டுத் தரச் சொல்றாங்க. ஒரு செங்கல்கூட வெக்காம இத்தனை வருஷமா என்னடி கட்டறேன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்பார்.

நாச்சிமுத்து அவரைவிட ஆறு வயது மூத்தவர். வேறு குழுவில் நன்றாகத்தான் இருந்தார். தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு ஜமீலாவின் குழுவுக்கு வந்தார்.

"எனக்கு வேகமா எழுத வரும் மேடம். யோசிக்க வரல. உங்ககிட்ட கத்துக்கணும்."

ஜமீலா ஜன்னலைப் பார்த்தார்.

"எப்ப இருந்து மேடம்? நாளைல இருந்தா? திங்கட்கிழமையா? சரி, திங்கட்கிழமையே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து போய்விட்டார்.

அவர் சுபாவம் அப்படி. எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தில் கால் வைத்தால், மறுமுனையில் இவர் போய் நின்றுகொண்டிருப்பார். மீட்டிங்கில் பாதிப் பேர் பாதி பேசினால் போதும். மீதியை நாச்சிமுத்து முடித்துக் கொடுப்பார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் சங்கடம்.

வந்து சேர்ந்து சில மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் ஜமீலாவின் மேசையில் ஒரு படிவத்தை வைத்தார். பள்ளிக்கூடத்துப் படிவம்.

"என் பொண்ணுக்குங்க. அமுதினி. ஒம்பது வயசு. பேச்சு கொஞ்சம் திக்கும். வாய்மொழித் தேர்வு வருது, எல்லார் முன்னாடியும் நின்னு அஞ்சு நிமிஷம் பேசணும். வேண்டாம்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்தா விலக்கு உண்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். போட்டுடலாம்ல மேடம்?"

ஜமீலா படிவத்தைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"அவளுக்கு வேண்டாங்க."

"சொன்னாளா?"

"சொல்ல வந்தா. எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, உள்ள போயிட்டா." நாச்சிமுத்து படிவத்தை மடித்தார். "இப்பல்லாம் எங்கிட்ட அவ்வளவா பேசறதில்ல. எதுன்னாலும் அவங்கம்மாகிட்ட சொல்லி விடறா. நோட்டு வேணும், பென்சில் வேணும், எல்லாமே கோகிலா மூலமாத்தான். நான் எது பேசினாலும் தலையாட்டிட்டுப் போயிடறா."

ஜமீலா எதுவோ சொல்லப் போனது போல இருந்தது. ஆனால் நாச்சிமுத்து ஏற்கனவே "சரிங்க, யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

புதன்கிழமை ஒரு புகார் வந்தது.

அந்தக் குழு ஒரு கண் மருத்துவமனைக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களுக்கு மெஷினே போன் செய்யும். 'உங்கள் வருகையை உறுதி செய்ய ஒன்று என்று சொல்லுங்கள். ரத்து செய்ய இரண்டு என்று சொல்லுங்கள்' என்று கேட்கும். பட்டன் அழுத்தத் தெரியாத வயதானவர்களுக்காகவே அப்படிச் செய்தது. தமிழில் பேசும், தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அந்தப் பகுதியை எழுதியவர் நாச்சிமுத்து.

ஒரே வாரத்தில் பத்தொன்பது பேரின் அறுவை சிகிச்சை ரத்தாகியிருந்தது. எல்லோருமே தாங்கள் ரத்து செய்யவில்லை என்கிறார்கள். ராமாத்தாள் என்று ஒரு அம்மா, எழுபத்தோரு வயது, அந்தியூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கட்டுச்சோற்றோடு வந்து இறங்கியிருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லை. மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு கண் ஏற்கனவே போய்விட்டது, இருக்கிற இன்னொரு கண்ணுக்குத்தான் சிகிச்சை என்று புகார்க் கடிதத்தில் எழுதியிருந்தது.

நாச்சிமுத்து வரி வரியாகச் சோதித்தார். வியாழக்கிழமை மத்தியானம் லேப்டாப்போடு ஜமீலாவிடம் வந்தார்.

"கோட்ல தப்பே இல்லைங்க மேடம். ஜனங்கதான் சொல்லிட்டு மறந்துடறாங்க. அந்த ராமாத்தா அம்மாவோட பதிவையே பாருங்க. இரண்டுன்னு ஒரு தடவை இல்ல, மூணு தடவை சொல்லியிருக்காங்க."

ஜமீலா பார்த்தார். திரையில் மூன்று வரிகள் இருந்தன.

இரு.
இரு.
இரு.

"இரு?"

"இரண்டுங்க. இரு கண்கள், இரு கைகள்னு பாடத்துல வருதில்ல? யாரு எப்படிச் சொன்னாலும் விட்டுப் போகக் கூடாதுன்னு இரண்டு, ரெண்டு, இரு மூணையுமே பட்டியல்ல போட்டிருக்கேன். நான் பன்னெண்டாவதுல தமிழ்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறுங்க."

ஜமீலா ஜன்னலைப் பார்த்தார்.

"கேட்டீங்களா?" என்றார்.

"படிச்சேன் மேடம். முழுசா படிச்சேன்."

"படிச்சீங்க. கேட்டீங்களா?"

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. அழைப்புகளின் ஒலிப்பதிவு இருந்தது. அவர் அதைத் திறந்ததே இல்லை. எழுத்தாக வந்துவிடுகிறதே, எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும் என்று இருந்துவிட்டார்.

ஜமீலா ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

மெஷினின் குரல் வந்தது. தெளிவான, அழகான குரல். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி என்றது. ஒன்று என்றது. இரண்டு என்றது.

பிறகு ஒரு சேவல் கூவியது. ஏதோ பாத்திரம் உருண்டது.

"சித்த இரு கண்ணு. சீட்டுல தேதி பாக்கோணும். இந்தக் கண்ணாடிய எங்க வெச்சேன்…"

'நீங்கள் ரத்து செய்ய விரும்புகிறீர்கள். உறுதி செய்ய, மீண்டும் ஒரு முறை இரண்டு என்று சொல்லுங்கள்.'

"அட, இருன்னு சொல்றனில்ல! என்ற காலு இருக்கற இருப்புக்கு உன்ற அவசரத்துக்கு ஓடி வர முடியுமா?"

'உங்கள் வருகை ரத்து செய்யப்பட்டது. நன்றி.'

ஒரு மூச்சு வாங்கல். சீட்டைப் பிரிக்கிற சத்தம்.

"ஆ, வெள்ளிக்கெழமதான். வந்தர்றேன் சாமி. சோத்த கட்டிக்கிட்டு நேரத்துலயே வந்தர்றேன். நீ நல்லா இரு."

அழைப்பு அங்கே முடிந்தது.

நாச்சிமுத்து திரையைப் பார்த்தார். மூன்றாவது 'இரு' அங்கே இருந்தது. 'ரத்து: மறு உறுதி' என்று அதற்குப் பக்கத்தில் அவருடைய மென்பொருள் பச்சை நிறத்தில் குறித்து வைத்திருந்தது.

காபி மெஷின் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது.

"இன்னும் பதினெட்டு இருக்கு" என்றார் ஜமீலா.

எல்லாவற்றையும் கேட்டார்கள். 'இருங்க தம்பி, பையனைக் கூப்பிடறேன்.' 'இரு இரு, அடுப்புல பாலு.' 'ஏங்கண்ணு, ஒரு நிமிஷம் இரு.' ஒரு பெரியவர் ஒன்றுமே சொல்லாமல் இருமினார். இருமி முடித்து, "இரு, சொல்றேன்" என்றார். சொல்வதற்குள் அவருக்கும் நன்றி சொல்லிவிட்டது மெஷின்.

பத்தொன்பதும் முடிந்தபோது நாச்சிமுத்துவின் முகம் கறுத்திருந்தது.

"மொதல்ல இவங்க எல்லாருக்கும் நானே போன் பண்றேன். ஆஸ்பத்திரிலயும் பேசறேன். ராமாத்தா அம்மாவுக்கு இந்த வாரமே நாள் வாங்கித் தர முடியுமான்னு பாக்கறேன்."

ஜமீலா தலையசைத்தார்.

மூன்றரை மணி வரை நாச்சிமுத்து போனில் இருந்தார். மருத்துவமனையில் கெஞ்சினார். சனிக்கிழமை ஒரு இடம் கிடைத்தது. ராமாத்தாளுக்குப் போன் செய்தபோது அவர் முதலில் நம்பவில்லை.

"நீ மெசினா, மனுசனா?"

"மனுசன்தாங்கம்மா."

"அப்ப சித்த இரு, சீட்ட எடுத்துக்கறேன்."

சீட்டு கிடைக்க நாலு நிமிடம் ஆனது. பேனா கிடைக்க இன்னும் இரண்டு நிமிடம்.

திரும்பி வந்து ஜமீலாவின் எதிரில் உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்து 'இரு' என்ற சொல்லை இரண்டின் வரிசையிலிருந்து எடுத்தார்.

"எடுத்துட்டேங்க மேடம்."

"எடுத்துட்டு?"

நாச்சிமுத்து யோசித்தார். "எடுத்துட்டா… மெஷினுக்கு அது புரியாத வார்த்தை. மூணு செகண்ட் பாக்கும். பதில் வரலைன்னு போனை வெச்சுடும்." கொஞ்சம் நிறுத்தினார். "ரத்தாகாது. ஆனா அவங்க கண்ணாடியோட திரும்பி வர்றப்ப அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க."

"ம்."

"தனியா ஒரு வரிசை போடறேன். இருன்னு சொன்னா காத்திருக்கணும்னு." வேகமாகத் தட்டினார். புது வரிசை வந்தது. சொல்: இரு. செயல்: காத்திரு. அடுத்த கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. கால அளவு என்று ஒரு கட்டம்.

"எத்தனை செகண்ட் போடட்டுங்க மேடம்?"

ஜமீலா ஜன்னலைப் பார்த்தார்.

"அஞ்சு பத்தாது. பத்து போடலாமா? இருபது போட்டாலும்…"

ஜமீலாவின் பார்வை ஜன்னலிலேயே இருந்தது.

"முப்பது? அதுக்கு மேல போட்டா லைன் சும்மா நிக்கும், ஆஸ்பத்திரிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. நாப்பத்தஞ்சு? ஒரு நிமிஷமே போட்டுடட்டுமா? இல்ல, ஏதாச்சும் கணக்கு இருக்குங்களா? பத்தொம்பது பேரோட சராசரி…"

சொல்லச் சொல்ல எண்கள் தீர்ந்துவிட்டன. நாச்சிமுத்து வாயை மூடினார். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் ஒருவர் கயிற்றில் தொங்கியபடி துடைத்துக்கொண்டிருந்தார். அதை இருவரும் பார்த்தார்கள். அவர் ஒரு கண்ணாடியை முடித்து அடுத்ததற்கு இறங்கினார்.

அதன் பிறகு ஜமீலா திரும்பினார்.

"எவ்வளவு நேரம்னு அவங்கதான் சொல்லிட்டாங்களே, சார்" என்றார். "இருன்னு."

அன்று நாச்சிமுத்து ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்.

வீட்டில் அமுதினி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கலர் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள். கோகிலா சமையலறையில் இருந்தாள். குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லை.

அவர் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பை உள்ளங்கையால் நீவினார். பேனாவை மூடியோடு அதன் மேல் வைத்தார்.

"அம்மு, நாளைக்கு இதைக் குடுக்கணும். உனக்கு என்ன தோணுது?"

அமுதினி அப்பாவைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தாள். கோகிலா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"அவ எங்கிட்ட சொன்னாளுங்க, அவளுக்கு வந்து…"

நாச்சிமுத்து கையைத் தூக்கினார். கோகிலா நின்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் யாருடைய பேச்சையும் இப்படி நிறுத்தியதில்லை. முடித்துத்தான் வைத்திருக்கிறார்.

"நா… நா…" என்றாள் அமுதினி.

அவர் நாக்கின் நுனியில் வாக்கியம் தயாராக இருந்தது. 'நான் பேசலைப்பா.' அதற்குப் பின்னால் இன்னொன்றும் நின்றுகொண்டிருந்தது. 'நான் பேசறேன்ப்பா.' இரண்டும் அவளுடையவை போலவே இருந்தன. இத்தனை நாளும் தனக்குப் புரிந்துவிட்டது என்று அவர் நினைத்தது இரண்டில் எது என்று அவருக்கே இப்போது தெரியவில்லை.

அவர் உதடு அசைந்திருக்க வேண்டும். அமுதினி அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மூடிக்கொள்ளத் தொடங்கியது. பென்சிலைக் கீழே வைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளப் போனவள், எதனாலோ தள்ளவில்லை.

நேராக அவரைப் பார்த்தாள்.

"இ… இ… இருங்கப்பா."

குக்கர் விசில் அடித்தது. யாரும் அசையவில்லை. பேனா மூடியோடு படிவத்தின் மேல் கிடந்தது.

நாச்சிமுத்து இருந்தார்.