சத்தம் போடாத கம்ப்யூட்டர்

ஏலே, கதை சொல்லப்போறேன், பேச்சை நிறுத்திட்டு உக்காருங்க! வெத்தலையத் துப்பிட்டு வாரும், சப்பாணி அண்ணாச்சி!

கவுன்சிலர் ஆளவந்தாரு துப்பாக்கி கேமும் ஆடுவாரு, சொந்தப் பாட்டும் பதிவாரு. ரெண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர். அதைச் செஞ்சு குடுத்தவன் அந்தோணி. அதோட ஃபேன் இரைச்சல் பாட்டுப் பதிவுல விழுந்துட்டு. சரிபண்ணப் போன அந்தோணி வீடு திரும்பல. "ஓடிட்டாம்லா"ன்னாரு கவுன்சிலர்.

அடுத்த கம்ப்யூட்டரைச் செய்ய வந்தவ ரெஜினா. அந்தோணி தங்கச்சின்னு அவருக்குத் தெரியாது.

"ஏட்டி, சின்ன இரைச்சல் கேட்டாலும் உன் விரலை ஒடிச்சிருவேன்!"

"சரிங்கய்யா. எறும்பு நடந்தாலும் கேக்குற மைக்கா வாங்கிருவோம்."

கேமுக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு, இரைச்சல் வராம மெதுவாச் சுத்துற அகல ஃபேன்னு அவளே பாத்துப் பாத்துப் பொறுக்குனா.

பாட்டு வெளியீட்டன்னைக்கு இன்ஸ்பெக்டர், பத்திரிகைக்காரங்க எல்லாரும் ஸ்டூடியோவுல. கவுன்சிலர் "ம்க்கும்"னு கனைச்சாரு. ஸ்பீக்கர்ல ஒரு முனகல்.

"மெஷின் கத்துது! புடிங்கலே அவளை!"

ரெஜினா சட்டுனு பிளக்கைப் புடுங்கிட்டா. கம்ப்யூட்டர் அணைஞ்சுது. முனகல் மட்டும் சுவத்துக்குப் பின்னால இருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு.

கவுன்சிலர் அப்பவும் மெஷின் மேலதான் பழியப் போட்டாரு. "பின்ன எதை மாத்துனா இது நிக்கும்?"

கல்யாணமான நாள்லேருந்து அவரு முன்னாடி வாய் திறக்காத பொண்டாட்டி மூலையில இருந்து சொன்னா:

"எதையும் மாத்த வேண்டாம். பின் ரூம் பூட்டைத் திறந்துவிடுங்க, அந்தப் பையனே வீட்டுக்குப் போயிருவான்."